இரு களிறும் ஒரு கயிறும்
உள்ளத்துள் வாழும் பலர் குறித்து ஓர் ஆய்வு

"ஒரு மனம் போ என்கிறது; ஒரு மனம் வேண்டாம் என்கிறது" என்று சொல்லாத தமிழர் இலர். போடிநாயக்கனூருக்கு ஏலக்காய் விற்க வரும் சிறு தோட்டக்காரரும் இதனையே சொல்வார். விலை இன்னும் ஏறும், பொறுத்திரு என்பது அவருடைய ஒரு மனம். வட்டிக் கடனை நினைந்து இன்றே விற்றுவிடு என்பது இன்னொரு மனம். நம் மொழியில் மனத்தை எண்ணலாம், அளக்கவும் செய்யலாம். அரைமனத்தோடு ஒப்புக்கொள்கிறோம், முழுமனத்தோடு வாழ்த்துகிறோம், இரண்டு மனமாய்த் தவிக்கிறோம், ஒருமனப்பட்டுத் தொழுகிறோம். மனம் ஒன்றே, அது பிளவுபடாதது என்று எண்ணியிருந்தால் இச்சொற்கள் நம்மிடையே தோன்றியிரா.

இவ்வெளிய வழக்கையே அடிப்படையாகக் கொண்டு ஓர் உளமருத்துவ முறை அமெரிக்க நாட்டில் 1980களில் உருவாயிற்று. ரிச்சர்டு ஷ்வார்ட்ஸ் என்பார் குடும்பங்களை ஒருங்கே அமர்த்திப் பேசவைத்து நோய் தீர்க்கும் துறையில் பயின்றவர். அளவின்றி உண்டு பின் வலிந்து வாந்தியெடுக்கும் நோயுற்ற இளம்பெண்கள் சிலர் அவரிடம் வந்தனர். அவர்கள் தம்மைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "என்னுள் ஒரு பகுதி இப்படிச் சொல்கிறது, மற்றொரு பகுதி அதனைத் திட்டுகிறது" என்றே பேசினர். ஷ்வார்ட்ஸ் அதனை வெறும் பேச்சு வழக்கென்று தள்ளாமல் செவிகொடுத்தார். வெளியே ஒரு குடும்பம் இருப்பது போல் உள்ளேயும் ஒரு குடும்பம் இருக்கிறது, அங்கும் மூத்தவர் உண்டு, ஒதுக்கப்பட்டவர் உண்டு, சண்டை உண்டு எனக் கண்டார். 1995இல் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அம்முறையை 'அகக் குடும்ப முறை' எனத் தமிழில் வழங்கலாம்.

அயல்நாட்டு உளவியலுக்கும் தமிழ்த்துறை மலருக்கும் என்ன தொடர்பு என மாணவர் வினவக்கூடும். தொடர்பு நெருங்கியது. அதனைக் காட்டுவதே இக்கட்டுரையின் முதல் நோக்கம். மற்றொரு நோக்கமும் உண்டு. அது இடையில் வரும்.

நெஞ்சொடு பேசும் மரபு

தன் நெஞ்சைத் தன்னினின்றும் வேறாக நிறுத்தி அதனோடு பேசுதல் அகப்பாடல்களின் பழைய வழக்கம். தலைவன் பொருள் தேடப் புறப்படுகிறான், நெஞ்சு பின்வாங்குகிறது. அவன் அதனைக் கடிந்துகொள்கிறான், தேற்றுகிறான், சில வேளை கெஞ்சவும் செய்கிறான். நூலோர் இத்தகைய பாடல்களுக்குத் 'தலைவன் தன் நெஞ்சிற்குச் சொல்லியது' எனத் துறை வகுத்தனர். இதற்குத் தொல்காப்பியப் பொருளியலும் இடமளிக்கிறது. நெஞ்சை ஓர் ஆளாகவே கருதி, அது வருந்தும், எதிர்த்துப் பேசும் என வைத்துப் பாடுதல் மரபே என்பது அந்நூற்பாவின் கருத்து. எதிர்த்துப் பேசும் என்பதைக் கவனிக்க வேண்டும். பேசினால் கேட்டுக்கொண்டு வாளாவிருக்கும் பொருளன்று நெஞ்சு. அதற்கெனத் தனிக் கருத்து உண்டு.

திருக்குறள் காமத்துப்பாலில் இதற்கென இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 125ஆம் அதிகாரம் நெஞ்சொடு கிளத்தல்; 130ஆம் அதிகாரம் நெஞ்சொடு புலத்தல். முன்னதில் தலைவி நெஞ்சினிடம் தன் துயர்க்கு மருந்து கேட்கிறாள். பின்னதில், அவர் நெஞ்சு அவர் பக்கம் நிற்க, என் நெஞ்சு மட்டும் என் பக்கம் நில்லாமல் அவரிடம் ஓடுவது ஏன் எனப் பிணங்குகிறாள். 118ஆம் அதிகாரத்தில் கண்கள் குற்றவாளிகளாகின்றன. அன்று அவரைக் கண்டு மயங்கியவை இவையே, இன்று அழுபவையும் இவையே என்பது அவள் வழக்கு. ஒரே பெண்ணுக்குள் எத்தனை பேர்!

இவற்றையெல்லாம் அணி என்றும் கற்பனை என்றும் நாம் வகுப்பில் எளிதாய்க் கடந்து விடுகிறோம். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே கடந்தேன். என்னை நிறுத்தியது நற்றிணை 284ஆம் பாடல்.

பாலைத் திணைப் பாடல் அது. தலைவன் வேற்றூரில், எடுத்த வினை முடியாத நிலையில் இருக்கிறான். நெஞ்சு அவனிடம், காதலியின் துயரைப் போக்கத் திரும்புவோம் வா என்கிறது. அறிவோ, எடுத்த செயலை முடிக்காமல் விடுதல் பேதைமை, இழிவும் வந்து சேரும், அவசரப்படாதே என்கிறது. இரண்டுக்கும் இடையில் அவன் உடல் கிடக்கிறது. இரண்டு களிறுகள் எதிரெதிர்த் திசையில் பற்றி இழுக்கும் புரி தேய்ந்த பழைய கயிற்றைப் போல் இவ்வுடல் அழிந்துபோகுமோ என்கிறான் அவன். இந்த உவமையின் சிறப்பால் புலவரின் இயற்பெயரே மறைந்து, தேய்புரிப் பழங்கயிற்றினார் என்னும் பெயர் நிலைத்தது.

இப்பாடலில் மூன்று செய்திகள் ஊன்றி நோக்கத்தக்கன. இரு களிறுகளில் எதுவும் பகையன்று. நெஞ்சு சொல்வது அன்பு. அறிவு சொல்வது கடமை. இரண்டும் அவன் நலத்தையே நாடுகின்றன, இழுப்புத்தான் கேடு. அடுத்து, தேய்வது உடல். மனப்போர் தூக்கமின்மையாய், தலைவலியாய், வயிற்றெரிச்சலாய் உடம்பில் வந்து இறங்கும் என்பதைப் புலவர் அறிந்திருந்தார். மூன்றாவது செய்தியே மிக நுட்பமானது. இவ்வளவையும் எடுத்துச் சொல்பவன் யார்? அவன் நெஞ்சும் அல்லன், அறிவும் அல்லன். இரண்டின் பேச்சையும் கேட்டு, உடலின் வருத்தத்தையும் கண்டு, மூன்றையும் இரக்கத்தோடு உரைக்கும் ஒருவன் அங்கே இருக்கிறான். களிறு இரண்டும் கயிறு ஒன்றும் கண்ணில் படுமளவு அவன் விலகி நிற்கிறான்.

ஷ்வார்ட்ஸின் முறையில் இம்மூன்றாமவனுக்கே முதலிடம். அவனைத் 'தான்' என்கிறார் அவர். பகுதிகள் பல, தான் ஒன்று. பகுதிகள் அச்சத்தால் இயங்குவன; தான் அமைதி, ஆர்வம், இரக்கம் ஆகியவற்றால் இயங்குவது. மருத்துவர் செய்யும் முதல் வேலை, நோயாளியைப் பகுதியினின்றும் சற்றே விலகி நிற்கச் செய்வதாகும். "நான் கோபமாய் இருக்கிறேன்" என்பவரை, "என்னுள் ஒரு பகுதி கோபமாய் இருக்கிறது" என்று சொல்லுமளவுக்கு நகர்த்துவது. சொல்லளவில் சிறிய மாற்றமே. ஆயினும் கயிறாய்க் கிடந்தவர் அப்போதுதான் காண்பவர் ஆகிறார்.

ஒரு மாணவரின் செய்தி

சில ஆண்டுகளுக்கு முன் இப்பாடலை இளங்கலை வகுப்பில் நடத்தி முடித்தேன். மணி அடித்து அனைவரும் சென்ற பின்னும் ஒரு மாணவர் பெஞ்சிலேயே அமர்ந்திருந்தார். அருகில் சென்று, "என்ன தம்பி?" என்றேன். "அந்தக் கயிறு நான்தான் ஐயா" என்றார்.

அவருடைய இசைவு பெற்றும், அடையாளம் தெரியாவண்ணம் சிலவற்றை மாற்றியும் இதனை எழுதுகிறேன்.

போடியிலிருந்து மேற்கே முந்தலைத் தாண்டினால் மலைப்பாதை தொடங்கிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் கேரள மாநிலம், இடுக்கி மாவட்டம், பூப்பாறை, சாந்தம்பாறை எனப் பரந்து விரியும் ஏலத்தோட்டங்கள். விடியுமுன் எழுந்து உலைவைத்து, தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு, ஜீப்பில் நெருங்கியமர்ந்து மலையேறும் பெண்களை நம் பகுதியில் அறியாதார் இல்லை. அவ்வாறு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஒன்றின் ஓட்டுநர் இம்மாணவரின் அத்தா. மழை நாளொன்றில் ஒரு வளைவில் வண்டி கவிழ்ந்தது, அத்தா திரும்பவில்லை. மகனுக்கு அப்போது வயது 13. மையத்தை எடுத்துச் சென்ற அன்று உறவினர் ஒருவர் அவர் தோளில் கைவைத்து, "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை, அழக்கூடாது" என்றாராம். அவர் அழவில்லை. பின்பும் அழவில்லை.

அன்று முதல் அவருள் ஒரு குடும்பத் தலைவன் குடியேறிவிட்டான். அரிசிக் கணக்கு, அக்காளின் திருமணம், தம்பியின் படிப்பு எல்லாம் அவன் பொறுப்பு. கல்லூரி இறுதியாண்டில் இழுப்பு கடுமையாயிற்று. படிப்பை விட்டு அத்தாவைப் போல் வண்டி ஓட்டப் போ, அக்காளுக்கு வயது ஏறுகிறது என்றது ஒரு மனம். பட்டம் பெறாமல் விட்டால் இந்த வீடு என்றும் மேலேறாது என்றது மற்றொரு மனம். இரவில் தூக்கமில்லை. அற்பக் காரணத்துக்குத் தம்பியை அடித்துவிடுவார். அடித்த பின் வெட்கத்தால் அன்று முழுதும் உண்ணமாட்டார். "எனக்குள் ஒரு சைத்தான் இருக்கிறான் ஐயா" என்றார் என்னிடம்.

வீட்டில் தாயத்துக் கட்டியாயிற்று. தண்ணீர் ஓதிக் கொடுத்தாயிற்று. நான் அவற்றைக் குறைகூறவில்லை. அவற்றோடு நின்றுவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். முதலில் அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரைப் பார்த்தார். தூக்கத்துக்குச் சிறிதுகாலம் மருந்து உட்கொண்டார். பின்னர் மதுரையில், பகுதிகளோடு பேசும் முறையை அறிந்த ஓர் உளவியல் ஆலோசகரிடம் சென்றார்.

ஆலோசகர் கேட்ட வினா ஒன்றை மாணவர் என்னிடம் சொன்னார். "தம்பியை அடிக்கிறதே, அந்தக் கோபத்துக்கு என்ன வயசு?" என்றாராம் அவ்வம்மையார். எண்ணிப் பாராமலே வாயில் வந்த விடை: "பதின்மூன்று." அடுத்த வினா: "அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அது பயப்படுகிறது?" மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "வீடு சரிந்துவிடும்" என்றாராம்.

சைத்தான் என்று அவர் எண்ணியிருந்தது, வீட்டைத் தாங்கிப் பிடித்திருந்த பதின்மூன்று வயதுச் சிறுவனை.

மூவகையார்

அகக் குடும்ப முறை பகுதிகளை மூவகைப்படுத்துகிறது. அம்மாணவரை வைத்தே விளக்கிவிடலாம். அழாமல் நின்று அழுகையை விழுங்கிய சிறுவன் ஒருவன் உள்ளே எங்கோ ஒதுக்கப்பட்டுக் கிடக்கிறான். இத்தகைய பகுதிகளை 'ஒதுக்கப்பட்டோர்' எனலாம். தாங்கொணா வலி, அச்சம், வெட்கம் ஆகியவற்றைச் சுமப்போர் இவர்கள். அவ்வலி மேலெழாதவாறு நாள்தோறும் வீட்டை ஒழுங்குபடுத்தி, கணக்குப் பார்த்து, பிறர் முன் தலைகவிழாமல் காப்போர் 'நிர்வகிப்போர்'. குடும்பத் தலைவன் இவ்வினம். இவர்களையும் மீறி வலி கசியத் தொடங்கினால் அக்கணமே பாய்ந்து வருவோர் 'தீயணைப்போர்'. எரியும் வீட்டில் தண்ணீரைக் கொட்டுபவர் பாயும் நூலும் நனைவதைப் பார்ப்பதில்லை. கைநீட்டும் கோபமும், மதுக்கடைக்கு இழுக்கும் கால்களும், கைப்பேசியில் விடியவிடிய மூழ்குதலும் இவ்வினத்தன. பின்விளைவு கொடிது, நோக்கமோ நெருப்பை அணைப்பதே.

நம்மூர் மாணவர்க்கு மூன்று என்பது புதிதன்று. ஏலக்காயை உரித்தால் உள்ளே மூன்று அறைகள், ஒவ்வொன்றிலும் விதைகள் தனித்தனியே அடுக்கியிருக்கும், வெளித்தோல் ஒன்று. உவமையை இதற்குமேல் நீட்டினால் அது பொய்யாகிவிடும், நிறுத்திக்கொள்கிறேன்.

மனத்தை மூன்றாகப் பகுத்தோர் ஷ்வார்ட்ஸுக்கு முன்னும் உண்டு. ஃபிராய்டு 1923இல் ஒரு மும்மைப் பகுப்பை வெளியிட்டார். இத்தாலிய மருத்துவர் ராபர்ட்டோ அசாஜியோலி (1888-1974) உள்ளத்தில் பல துணை ஆளுமைகள் உண்டெனக் கூறி அவற்றை ஒருங்கிணைக்கும் வழியைத் தேடினார். எரிக் பெர்ன் (1910-1970) நம் ஒவ்வொருவருள்ளும் பெற்றோர், வளர்ந்தோர், குழந்தை என மூவர் இருந்து மாறிமாறிப் பேசுவதாக விளக்கினார். பெர்னின் கருத்தை ஆசிரியர்கள் அவசியம் அறிய வேண்டும். வகுப்பில் நாம் மாணவரைக் கடியும்போது நம் குரலில் பேசுவது பல வேளைகளில் நம் பழைய ஆசிரியரே.

நஃப்ஸும் நகரமும்

இனி, சமுதாயப் பெரியோர் எழுப்பக்கூடிய தடை ஒன்று உண்டு. அதனை மறைக்காமல் எடுத்துக்கொள்வதே முறை. நஃப்ஸோடு போராடு என்பதன்றோ நம் மரபு? எல்லாப் பகுதிகளையும் அமரவைத்துப் பேசு என்னும் இம்முறை இச்சைக்கு இருக்கை போட்டுக் கொடுப்பது ஆகாதா?

திருக்குர்ஆன் நஃப்ஸை மூன்று நிலைகளில் குறிப்பிடுகிறது. யூசுஃப் அத்தியாயத்தில் (12:53) தீமையைத் தூண்டும் நஃப்ஸ். கியாமா அத்தியாயத்தில் (75:2) தன்னைத் தானே பழித்துக்கொள்ளும் நஃப்ஸ். ஃபஜ்ர் அத்தியாயத்தில் (89:27) அமைதியுற்ற நஃப்ஸ். இவை மூன்றும் மூன்று உயிர்கள் அல்ல, ஓருயிரின் மூன்று நிலைகள் என்பது சூஃபி அறிஞர் பலரும் கொண்ட விளக்கம். எனவே அகக் குடும்ப முறையின் மூவகையாரை இம்மூன்று நிலைகளோடு ஒன்றுக்கொன்று பொருத்திக் காட்டுவது தவறாகும். மேடைகளில் சிலர் அவ்வாறு பொருத்திக் கைதட்டல் பெறுவதுண்டு. ஒன்று ஆன்மப் பயணத்தின் படிநிலை. மற்றொன்று நோய் தீர்க்கும் கருவி. ஒப்புமை உண்டு, ஒருமை இல்லை.

ஒப்புமை எங்கே என்றால், இமாம் கஸ்ஸாலியிடம் (1058-1111) செல்ல வேண்டும். அவர் மனிதனை ஒரு நகரமாகக் காட்டுகிறார். இதயம் அரசன், அறிவு அமைச்சன், இச்சை வரி தண்டுவோன், சினம் காவல் தலைவன். வரி தண்டுவோன் பொய்யன், பேராசைக்காரன். காவல் தலைவன் முரடன். ஆயினும் இருவரையும் கொன்றுவிடு என்று கஸ்ஸாலி கூறவில்லை. வரி தண்டாத நகரம் பட்டினி கிடக்கும். காவலில்லாத நகரம் கொள்ளை போகும். அரசன் அமைச்சனைக் கலந்து, இருவரையும் அவரவர் இடத்தில் வைத்தால் நகரம் செழிக்கும். அவர்கள் அரியணை ஏறினால் அழியும். சினத்தையும் இச்சையையும் வேட்டை நாயாகவும் குதிரையாகவும் அவர் வேறோரிடத்தில் உவமிப்பார். நாயைப் பழக்குவதும் குதிரையைப் பயிற்றுவதும் போராட்டமே. அந்தப் போராட்டத்தில் குதிரையைக் கொல்பவன் நடந்துதான் போக வேண்டும்.

இரண்டு நபிமொழிச் செய்திகளை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். அபூதர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தபோது, அவருடைய நஃப்ஸுக்கும் அவர்மீது உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) எடுத்துரைத்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அதனை உண்மையென ஏற்றார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. மற்றொன்று ஹன்ழலா (ரலி) பற்றியது. நபிகளாரின் அவையில் இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்முன் தெரிகின்றன, வீட்டுக்குச் சென்று மனைவி மக்களோடும் தொழிலோடும் கலந்தால் மறந்துவிடுகிறோம், நான் நயவஞ்சகன் ஆகிவிட்டேனோ என அவர் அஞ்சினார். தமக்கும் அவ்வாறே நிகழ்வதாக அபூபக்ர் (ரலி) அவர்களும் கூறினார்கள். நபிகளார் அவரைக் கடியவில்லை. அதற்கும் ஒரு நேரம், இதற்கும் ஒரு நேரம் என்னும் பொருள்பட ஆறுதல் அளித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தன்னுள் இருவரைக் கண்டு நடுங்கிய நல்ல மனிதர் ஒருவருக்குக் கிடைத்த விடை இது. நடுங்கும் நம் பிள்ளைகளுக்கு நாம் தரும் விடை இதைவிடக் கடியதாய் இருத்தல் தகுமா?

மனநோய் மருத்துவம் முஸ்லிம் அறிவுலகுக்கு அயலானதும் அன்று. பல்க் நகரத்து அபூஸைத் (850-934) உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். காரணம் தெரிந்த துயரையும் காரணம் தெரியாத துயரையும் வேறுபடுத்திக் காட்டினார். வீட்டில் உடல்நோய்க்கு மருந்து சேமித்து வைப்பது போல, மனம் நலமாய் இருக்கும் காலத்திலேயே நல்லெண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் தரும் அறிவுரை. ஹாரிஸ் அல்முஹாஸிபி (இ. 857) என்னும் சூஃபிப் பெரியாருக்கு அப்பெயர் வந்ததே, தம் உள்ளத்தை நாள்தோறும் கணக்குக் கேட்டமையால்தான் என்பர்.

தமிழ்நாட்டுச் சூஃபிப் புலவர்களும் இவ்வழியினரே. தொண்டிக்கு அருகில் குணங்குடியில் தோன்றிய மஸ்தான் சாகிபு (1792-1838) தம் மனத்தை எத்தனை வகையில் விளித்துப் பாடியுள்ளார் என்பது தனி ஆய்வுக்குரியது. தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முகம்மது அப்பா நம் ஏலமலைக்கு உரியவரும் ஆவார். அவர் தவமிருந்தமையால்தான் பீர்மேடு என்னும் பெயர் வந்தது என்பது மக்கள் வழக்கு. முதுகலை மாணவர் ஒருவர் இவ்விருவர் பாடல்களிலும் மனத்தை விளிக்கும் இடங்களைத் தொகுத்து, சங்க அகப்பாடல்களின் நெஞ்சு விளியோடு ஒப்பிடுவாராயின் நல்லதோர் ஆய்வேடு கிடைக்கும்.

எல்லை எது?

இம்முறையை ஒரு சர்வரோக நிவாரணி எனக் கருதிவிடக் கூடாது. இதற்கான சான்றுகள் இன்னும் குறைவு. முடக்குவாத மூட்டழற்சியால் வருந்திய 79 பேரை இரு குழுவாக்கி நிகழ்த்திய அமெரிக்க ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. பகுதிகளோடு பேசப் பயின்ற குழுவினரிடம் வலியும் மனச்சோர்வும் குறைந்தமை அதில் பதிவாயிற்று. இத்தகைய ஆய்வுகள் இன்னும் பல வேண்டும். ஆழ்ந்த காயம்பட்டோரிடம் பயிற்சியற்றவர் இம்முறையைக் கையாண்டால், ஒதுக்கப்பட்டது திடீரெனக் கதவுடைத்து வெளிவந்து அவர்களை நிலைகுலையச் செய்யும் என்னும் எச்சரிக்கையும் உண்டு. ஆதலின் இக்கட்டுரையைப் படித்துவிட்டு விடுதி அறையில் நண்பர்மீது சோதனை செய்ய முற்படும் மாணவருக்கு என் வேண்டுகோள்: செய்யாதீர். நண்பர் பேசினால் கேளுங்கள், அதுவே உதவி.

மற்றொன்றும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். "என்னுள் ஒரு பகுதி சொல்கிறது" என்பது எல்லா மனிதர்க்கும் இயல்பு. ஆளே இல்லாதபோது வெளியிலிருந்து குரல் கேட்பதும், தன்னை எவரோ இயக்குவதாக உறுதியாய் நம்புவதும் வேறு நிலை. அங்கே மனநல மருத்துவரும் மருந்தும் இன்றியமையாதன. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேய் என்றோ ஜின் என்றோ பெயரிட்டு நாள் கடத்தியதால் நேர்ந்த இழப்பு நம் கண்முன்னே உள்ளது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளரை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். குணம் வேண்டித் தர்காவை நாடி வந்தோரின் உறவினர்கள்தாம் அவர்களை அக்காப்பகங்களில் விட்டுச் சென்றிருந்தனர். அதன் பின்னரே இத்தகைய இடங்களின்மேல் உச்ச நீதிமன்றத்தின் பார்வை விழுந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுவதை அறவே தடைசெய்கிறது. துஆவும் தவாவும், அதாவது இறைஞ்சலும் மருந்தும், இணைந்து செல்ல வேண்டும் என்னும் ஏற்பாடு பின்னாளில் ஏர்வாடியிலேயே தொடங்கப்பட்டது. நோயுற்றவர் மருந்து செய்துகொள்ள வேண்டும் என்பது நபிவழி அறிவுரை என்பதைப் பெரியோர்க்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. இக்கட்டுரையின் மற்றொரு நோக்கம் எனத் தொடக்கத்தில் குறித்தது இதுவே.

உதவி எட்டாத தொலைவில் இல்லை. மதுரையில் மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் நிறுவிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் மனநலப் பணியாற்றி வருகிறது. நம் மாவட்டத்தில் கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி, தமிழிலேயே அழைக்கலாம். வாழ்வு வேண்டாம் என ஒரு மனம் சொல்லும் வேளையில், அழைத்துப் பார் எனச் சொல்லும் இன்னொரு மனமும் உள்ளே இருக்கும். அந்த மனத்தின் கைக்கு எட்டும் இடத்தில் இவ்வெண் இருக்கட்டும் என்றே இதனைக் குறிக்கிறேன்.

அம்மாணவரைப் பற்றி எஞ்சிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஆலோசகர் அவருள் இருந்த குடும்பத் தலைவனை விரட்டவில்லை. இத்தனை ஆண்டு உழைப்புக்கு நன்றி சொல்லச் செய்தார். பின்பு அவனிடமே இசைவு கேட்டு, அவன் பின்னால் ஒளிந்திருந்த சிறுவனை அணுகினார். சிறுவன் சுமந்திருந்தது என்னவென்று மெல்லத் தெரிந்தது. விபத்து நடந்த அன்று காலை அத்தாவிடம் அவன் எதற்கோ முகங்கொடுத்துப் பேசவில்லை; அதனால்தான் அத்தா இறந்தார் என அச்சிறுவன் நம்பியிருந்தான். பழைய வழிகளில் தலைச்சுமையோடு நடப்போர் இறக்கி வைத்து இளைப்பாறச் சுமைதாங்கிக் கற்களை நட்டுவைத்தனர் நம் முன்னோர். அம்முறையில் இறுதிப்படிக்குப் பெயரே சுமை இறக்கல். இறக்கிவைக்க அவருக்கு ஏழெட்டு மாதங்கள் ஆயின.

பட்டம் பெற்றார், பின்னர் ஆசிரியர் பயிற்சியும் முடித்தார். அக்காளின் திருமணம் தள்ளிப்போய்த்தான் நடந்தது. கடனும் இன்னும் உண்டு. சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த பின் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பூப்பாறையில் ஒரு வேலையாகத் தம்பியோடு சென்றாராம். திரும்பும் வழியில் அந்த வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாராம். கீழே போடி நகரமும் அதற்கப்பால் வயல்களும் வெயிலில் தெளிவாய்த் தெரிந்தன என்று எழுதியிருந்தார். "தம்பி எதுவும் கேட்கவில்லை ஐயா. அவனும் இறங்கி என் பக்கத்தில் நின்றான். அத்தாவுக்கு ஃபாத்திஹா ஓதினேன். ஓதி முடிக்கு முன்னே அழுகை வந்துவிட்டது. நிறுத்தவில்லை."

அவ்வளவே எழுதியிருந்தார், கீழே தம் பெயரும் நாளும்.